பக்க விளைவு

ஆறாம் நாள்.
சன்னலுக்குக் கீழேயும் ஆறு.
வால்திவியா மழையில் இரண்டும் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

நான்காம் படுக்கை: எலெயுதேரியோ வென்சுமான்,
வயது ஐம்பத்தெட்டு.
நியெப்லாவுக்கும் கொர்ராலுக்கும் ஓடும் வாகனப் படகில்
கார்கள் இறங்கச் சாய்தளத்தைத் தாழ்த்துகிறவர்.
இப்போது அவருக்காக
மூச்சு விட ஓர் இயந்திரம்,
தூங்க ஒரு மருந்து.
பசிக்க மட்டும் ஆளில்லை.

மாலையில் செலுத்திய திரவ உணவை
ஊசிக்குழலால் இழுத்துப் பார்த்தேன்.
முந்நூற்றெண்பது மில்லி, அப்படியே வந்தது,
வாங்கிய கடனைப் பிரித்துக்கூடப் பார்க்காமல்
திருப்பித் தருகிறவன் மாதிரி.
வலிக்குக் கொடுத்தது
வலியோடு சேர்த்து இரைப்பையையும் உறங்க வைத்துவிட்டது.
இரை இருக்கிறது, பை இருக்கிறது,
தள்ளுவதற்கு யாருமில்லை.

நேற்று இரண்டு முறை குழாயை இறக்கினேன்.
மூக்கு, தொண்டை, அப்புறம் அந்தப் பை.
உள்ளே போனதும்
குளிர்கால நாய்போல் சுருண்டு படுத்துக்கொண்டது.
பையின் கடைசியில் ஒரு சதை வளையம்,
விரல் நுழையும் வாசல்.
தாண்டினால் குடல்.
தாண்டாவிட்டால் உணவு மேலேறி
நுரையீரலைத் தேடிப் போகும்.
அங்கே ஏற்கெனவே இடமில்லை.

டாக்டர் கோன்ராடி கோப்பைப் புரட்டி
"எரித்ரோமைசின்" என்றார்.
கிருமிக்கா?
"இல்லை. அது செய்யும் குற்றத்துக்காக."

தெரியும் எனக்கு அந்தக் குற்றம்.
பதினான்கு வயதில், தொண்டைப் புண்ணுக்கு விழுங்கிவிட்டு
ஒசோர்னோ பேருந்தில் வயிற்றைப் பிடித்தபடி
கடைசி இருக்கைவரை சபித்திருக்கிறேன்.

வேலை செய்யுமா?
"சில ஆய்வுகள் ஆம் என்கின்றன,
சில தோளைக் குலுக்குகின்றன."
அவரும் குலுக்கினார்.
முதலில் இதய வரைபடத்தை அளக்கச் சொன்னார்:
துடித்து ஓய்வதற்குள் உள்ள அந்தத் தூரம்
மருந்தால் நீண்டுவிடக் கூடாது.
சிறு கட்டங்களை எண்ணினேன்.
இடம் இருந்தது.

இருநூற்றைம்பது மில்லிகிராம். அரை மணி நேரம்.

வெளியே நடைவழியில் ஓர்தென்சியா.
"இன்றைக்காவது சாப்பிட்டாரா?"
ஆறு இரவாக அதே கேள்வி.
பார்க்கிறோம் என்று நான் சொல்லி முடிக்குமுன்
கையிலிருந்த ரொட்டியைப் பைக்குள் ஒளித்தாள்,
அவர் பார்த்துவிடுவார் என்பதுபோல.

திரும்பி வந்து
ஸ்டெதாஸ்கோப்பை அவர் வயிற்றில் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு, பக்கத்து வீட்டு மாடியில்
யாரோ மேசையை நகர்த்துவதுபோல் ஒரு சத்தம்.

வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தோம்.
ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். சிறிது காற்று.
எழுபத்திரண்டில் தடுத்தது.
தள்ளவில்லை.
கையை எடுக்காமல் நின்றேன்,
தண்ணீர் ஏறட்டும் என்று படகுக்காரன் நிற்பானே, அப்படி.
உள்ளே எதுவோ இறுகியது, தளர்ந்தது,
மறுபடி இறுகி
என் விரல்களிலிருந்து குழாயைத் தானே வாங்கிக்கொண்டது.

தொண்ணூறு.
இழுத்ததும் வந்தது பித்தத்தின் மஞ்சள்.
ஐந்து நாளில் நான் பார்த்த
ஒரே வெயில் நிறம்.

நான்கு மணிக்கு நிபால்டோ
எக்ஸ்ரே பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான், கொட்டாவியோடு.
படத்தில் ஒரு வெள்ளைக் கோடு
முதுகெலும்பைக் குறுக்கே கடந்து
வலப்புறம் வளைந்து இறங்கியிருந்தது.
மருந்தா, சாய்த்துப் படுக்கவைத்ததா,
மூன்றாம் முறை என்பதாலா?
யாருக்குத் தெரியும்.
கோப்பில் நேரத்தையும் அளவையும் மட்டும் எழுதினேன்.

ஐந்து மணிக்கு ஓர்தென்சியாவை எழுப்பினேன்.
"சாப்பிடுகிறார்."
"எவ்வளவு?"
மணிக்கு இருபது மில்லி.
காற்றில் கரண்டியால் அளந்து பார்த்தாள்.
"நாலு சின்னக் கரண்டியா?
அவர் மாத்தேவுக்குப் போடும் சர்க்கரையே அவ்வளவு இருக்கும்."

பையைத் திறந்து
காய்ந்துபோன ரொட்டியை எடுத்தாள்.
பாதியை என்னிடம் நீட்டிவிட்டு
மீதியை மெல்லத் தொடங்கினாள்,
நல்ல சத்தத்தோடு.